ஒரே எண்ணில் இரண்டு புத்தகம்

நூலகரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் திரும்பும் தேதி குத்திக் கொடுத்த மனிதருக்கு அதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

எல்லாம் ஒரு கட்டால் வந்த வினை. திங்கட்கிழமை காலை அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கதவருகில் வந்து நின்றாள்.

"பெட்டியில ஒரு கட்டு இருந்துது. எங்க?"

"எந்தப் பெட்டி?"

"பெட்டிங்க."

"என்ன கட்டு? என்ன நிறம்? எத்தனை பக்கம்? கடைசியா எப்ப பார்த்த?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ஒண்ணும் உங்க கவுண்ட்டர்ல வந்து நிக்கல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போன கையோடு பரண்மேல் இருந்த சூட்கேஸ் இறங்கியது.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை மகள் வழியாக நடந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, டீ ஆறுது."

"அப்பா, டீ ஆறுதாம்."

"குடிச்சுட்டேன்னு சொல்லு."

"குடிச்சுட்டாராம். இந்த வேலைக்கு யாராவது ஒருத்தர் எனக்குச் சம்பளம் குடுத்தா நல்லா இருக்கும்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆனார் நூலகர். எது தொலைந்தாலும் தன் கையால் தொலையாது என்பது அவர் வாழ்நாள் பெருமை. சமையலறையில் பாத்திரத்துக்கும் மூடிக்கும் ஜோடி தவறக்கூடாது என்று, பாத்திரத்தின் அடியில் ஓர் எண், மூடியின் உள்பக்கம் அதே எண், இரண்டையும் அவரே பெயின்டால் எழுதி வைத்திருந்தார். மூடிகள் தனி அடுக்கில் ஒன்றிலிருந்து பத்தொன்பதுவரை வரிசையாக நிற்கும். விருந்தாளி யாராவது ஏழாம் மூடியைப் பதினொன்றில் வைத்துவிட்டால், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து எடுத்து மாற்றி வைப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், கட்டு எங்கே என்றால்?

அவர் வேலை பார்த்த நூலகம் ஒரு தபால் நிலையத்துக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே முத்திரை குத்தும் சத்தம், மேலே முத்திரை குத்தும் சத்தம். எட்டாயிரத்துச் சொச்சம் புத்தகம், பதினாலு அலமாரி, இரண்டு மின்விசிறி. இரண்டில் ஒன்று ஓடும். வாசகர்கள் அடையாளத்துக்கு வைத்து மறந்த சாமான்களுக்கென்று மேசையில் ஓர் இழுப்பறை இருந்தது. சீப்பு, பஸ் டிக்கெட், ஒரு குழந்தையின் காலுறை, யாருடைய முழங்காலோ தெரியும் எக்ஸ்ரே. ஒவ்வொன்றிலும் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று அவர் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்.

உதவியாளராக ஓர் அம்மாள் இருந்தாள். வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி. "சத்தம் போடாதீங்க" என்று அவள் ரகசியமாகச் சொன்னால் கீழே தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு லாரி டிரைவர் படியேறி வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

"சார், திட்டாதீங்க," என்று ஆரம்பித்தார். "வீடு மாத்துறோம். பீரோவை நகத்தினா, செவுத்துக்கும் அதுக்கும் நடுவுல இது நிக்குது. பதினோரு வருஷம் இருக்கும். என் பொண்டாட்டி இங்க பதியாம எடுத்துட்டு வந்தது. இதைப் படிச்சு வீட்டைச் சீரா நடத்தப் போறேன்னா. எடுத்துட்டு வந்த அன்னைக்கே வீட்டுக்குள்ளயே தொலைச்சுட்டா."

நூலகர் பிரித்துப் பார்த்தார். ஏதோ ஒரு மாதர் சங்கம் எப்போதோ தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் நகலெடுத்துத் தைத்து வெளியிட்ட 'வீட்டு நிர்வாகக் குறிப்புகள்.' நூலகத்தின் பழைய வட்ட முத்திரை. முந்தைய நூலகரின் சாய்ந்த கையெழுத்தில் எண்: 2316.

"நல்ல மனசு உங்களுக்கு," என்று டிரைவரை அனுப்பிவிட்டுப் பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றார். 2316 தொலைந்த புத்தகமே கிடையாது. அதாவது, பத்து வருடமாகத் தொலைந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் கிடைத்துவிட்டது. கண்டுபிடித்ததே அவர்தான்.

அது எப்படியென்றால், கிழிந்த புத்தகங்களை ஒரு மரப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்து அட்டை போடுவது அவர் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்த வேலையில்லை. பைண்டிங் கடை வாசலில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றது. எட்டு மாதத்துக்கு முன் அந்தப் பெட்டியின் அடியில் அட்டையில்லாத, தலைப்புப் பக்கமும் இல்லாத ஒன்று அகப்பட்டது. தட்டச்சுத் தாள்கள். மூன்றாம் பக்கத்தில் தொடங்கி நூற்றுப் பதினேழில் நின்றது. முதல் வரி, 'இந்த வீட்டில் மூடிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு' என்றிருந்தது. வீட்டு நிர்வாகம், தட்டச்சு. தொலைந்தவை பட்டியலோடு ஒப்பிட்டார். 2316-க்கு நூற்றிருபது பக்கம் என்றிருந்தது; முன்னால் இரண்டும் பின்னால் மூன்றும் கிழிந்து போயிருக்கிறது என்று கொண்டால் கச்சிதமாகப் பொருந்தியது. மேலே படிக்கவில்லை. புத்தகத்தைச் சரிசெய்கிறவன் படிக்க உட்கார்ந்தால் பெட்டி காலியாகாது என்பது அவர் கொள்கை. நல்ல பழுப்பு அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி, அலமாரியில் வைத்தார். அந்த வருடக் கணக்கெடுப்பில்தான் பதிவேடும் அலமாரியும் முதல்முறையாக ஒத்துப்போயின. மேலதிகாரி அறிக்கையின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதி அனுப்பியிருந்தார்.

இப்போது கையில் ஒரு 2316. மற்றொரு 2316 அலமாரியில் இல்லை. யாரிடம் போயிருக்கும்? வெளியே போன புத்தகத்தின் சீட்டை, வாங்கியவர் பெயருள்ள பைக்குள் செருகி மேசைத் தட்டில் வைப்பது வழக்கம். தட்டைத் துழாவினார். சீட்டு மருந்துக்கடைக்காரரின் பையில் இருந்தது.

ஒலிபெருக்கி எட்டிப் பார்த்தாள். "என்ன சார், ரெட்டைப் பிள்ளையா?"

"ஒரு பிரதிதான் வாங்கியிருக்கோம். பதிவேட்டுல இருக்கு."

"அப்ப இது போலியா?"

"இதுலதான் பழைய முத்திரை இருக்கு. இதுதான் அசல்."

"அப்ப அது என்னது?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. விதிமுறைப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தார். புத்தகம் குறைந்தால் என்ன செய்வது என்று ஏழு பத்தி இருந்தது. கரையான் தின்றால், வெள்ளம் கொண்டுபோனால், வாசகர் இறந்தால். கூடினால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. உலகத்தில் எந்த நூலகத்திலும் புத்தகம் தானாகக் கூடும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

புதன்கிழமை முழுவதும் அவர் உடல் நாற்காலியில் இருந்தது, புத்தி எங்கோ இருந்தது. தேதி முத்திரையின் சக்கரத்தை முன்னால் திருப்புவதற்குப் பதில் பின்னால் திருப்பிவிட்டார். மத்தியானம் ஒரு பள்ளி ஆசிரியை திரும்பி வந்து கேட்டபிறகுதான் தெரிந்தது.

"சார், இதை இப்பதான் எடுத்தேன். போன மாசமே திருப்பிக் குடுத்திருக்கணும்னு போட்டிருக்கு. நான் என்ன பண்றது?"

முப்பத்தெட்டுப் புத்தகம் அப்படிப் போயிருந்தது. ஒலிபெருக்கி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருத்தி அனுப்பினாள். மற்றவர்களுக்கு அவர் உட்கார்ந்து தபால் அட்டை எழுதினார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று அவள் ரகசியமாகக் கேட்டாள். படிக்கும் அறையில் இருந்த பதினோரு பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது, படுக்கையறையில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. சேலைகள் ஒருபக்கம், சால்வை ஒருபக்கம். மாரிக்கால உடுப்புகூட மடித்து வைத்திருந்தது. மாரிக்காலத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மனைவி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். மகள் கூடத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவுக்கு என்ன கோபம்? நான் என்ன செஞ்சேன்னாவது சொல்லச் சொல்லு."

மகள் நகவெட்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாதா, இல்ல நடிக்கிறீங்களா?"

"எனக்கு நடிக்க வந்தா நான் ஏன் நூலகத்துல இருக்கேன்?"

"அம்மா ஆறு வருஷமா ஒரு கதை எழுதிட்டு இருந்தாங்க. ஆபீஸ் மெஷின்ல, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல. பெரிய கதை. இருந்தது ஒரே பிரதி."

"கார்பன் வெச்சு அடிச்சிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். தாள் என் காசுல வாங்கினது, கார்பன் ஆபீஸோடதுன்னு சொல்றாங்க. நீங்க ரெண்டு பேரும் ஜாடிக்கேத்த மூடிதான்." அவள் குரலைத் தணித்தாள். "அதுல ஒரு ஆள் வர்றார்ப்பா. நீங்க அதை எடுத்துப் படிச்சுட்டு, கோபத்துல கிழிச்சுப் போட்டுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி என்ன நிறம், எத்தனை பக்கம்னு கேட்டீங்கன்னு அம்மா நினைக்கிறாங்க."

"நான் கிழிக்கிறதா? ஒட்டறதுதானே என் வேலை! எங்க வெச்சிருந்தா?"

"போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோமே, அப்ப ஒளிச்சு வெக்க இடம் இல்லாம உங்க கிழிஞ்ச புத்தகப் பெட்டி அடியில வெச்சாங்க. அதை நாங்க யாரும் தொட மாட்டோம், நீங்களும் மேல இருக்கறதை மட்டும்தான் எடுப்பீங்கன்னு நினைச்சாங்க. அதுக்கப்புறம் வக்கீலுக்கு அந்தப் பெரிய வழக்கு வந்துடுச்சா, எழுத நேரமில்ல. இப்ப முடிச்சிடலாம்னு எடுக்கப் போனா பெட்டி காலி."

நூலகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் பக்கத்தில் தொடங்கி நூற்றுப் பதினேழில் நிற்கும் தட்டச்சுத் தாள். வக்கீல் அலுவலகப் பழக்கம். முகப்புக்கென்று முதல் இரண்டு பக்கத்தை எண்ணில் விட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். கிழிந்ததென்று அவர் நினைத்த பக்கங்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

"அப்பா? முகமே வெளுத்துப் போச்சே. கிழிச்சுட்டீங்களா?"

"கிழிக்கலம்மா," என்றார் ஈனக்குரலில். "இரவல் குடுத்துட்டேன்."

மறுநாள் காலை நூலகம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் மருந்துக்கடைக்குப் போனார். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒரு கையால் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே, தராசின்மேல் சாய்த்து வைத்த பழுப்பு அட்டைப் புத்தகத்திலிருந்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"'அவன் மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தான். மணமான அன்று என்னை அப்படி அவன் பார்க்கவில்லை.'"

கடை குலுங்கச் சிரித்தது. நூலகர் சிரிக்கவில்லை. விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேறு எப்படிப் பார்ப்பது? வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"வாங்க சார்!" என்றார் மருந்துக்கடைக்காரர். "தேதி இன்னும் நாலு நாள் இருக்கே?"

"இது உடனே வேணும். எண்ணுல ஒரு தப்பு நடந்துடுச்சு."

"இன்னும் இருபது பக்கம் இருக்கு சார். இவங்கெல்லாம் மருந்துக்கா வர்றாங்கன்னு நினைக்கிறீங்க? அந்த அம்மாவுக்கு மூணு நாளா தலைவலியே இல்ல, தினமும் தலைவலி மாத்திரை வாங்க வர்றாங்க."

"தயவுசெஞ்சு குடுங்க."

அவர் முகத்தில் என்ன தெரிந்ததோ, மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை மூடி, தன் துண்டால் ஒருதரம் துடைத்துக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்த ஆளு கடைசியில மூடியை விடுவானா, மாட்டானா?"

"எனக்குத் தெரியாது," என்றார் நூலகர். அது சத்தியமான வார்த்தை.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தார். இரண்டு பஸ் வந்து போயின. ஐம்பது பக்கத்துக்கு மேல் படித்தார். அதில் ஓர் ஆண் வந்தான். அவன் தவறாக ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தான். பஞ்சாங்கம்போல் மனைவியின் பிறந்தநாளை நினைவு வைத்திருந்தான், அன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தை பேச மறந்தான். அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் பொறுப்பானவன் என்று நூலகருக்குத் தோன்றியது. ஆனால் சில பக்கங்களை ஏனோ இரண்டுதரம் படித்தார். 'ழ' என்ற எழுத்து ஒவ்வொரு வரியிலும் மற்ற எழுத்துகளைவிட ஒரு மயிரிழை மேலே தூக்கி நின்றது. அவர் விடுப்பு விண்ணப்பங்களை மனைவிதான் அடித்துத் தருவாள். அதிலும் 'ழ' இப்படித்தான் எம்பி நிற்கும். எட்டு மாதத்துக்கு முன் இதைத் தைத்தபோது நூற்றுப் பதினைந்து பக்கமும் கைவழியே போயிருந்தது. தாளின் விளிம்பை மட்டும் பார்த்திருக்கிறார்.

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அந்தப் பெண் தினமும் மத்தியானத்தில் எங்கோ உட்கார்ந்து ஏதோ செய்கிறாள். அது என்ன என்று அவன் கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்தோடு அவர் மூடிவிட்டார்.

நூலகத்துக்கு எதிரே இருந்த கடையிலிருந்து தொலைபேசியில் ஒலிபெருக்கியைக் கூப்பிட்டு, இன்று விடுப்பு என்றார். இருபத்தாறு வருடத்தில் முன்கூட்டி விண்ணப்பிக்காமல் போட்ட முதல் விடுப்பு. "நூலகரே லீவா!" என்று அவள் சொன்னது தொலைபேசியிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது.

மனைவி அன்று பாதி நாள்தான் வேலைக்குப் போயிருந்தாள். அவர் போனபோது சூட்கேஸின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தைக் கட்டிலில், சூட்கேஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் முதலில் அது என்னவென்று அறியவில்லை. எடுத்துப் பிரித்தாள். பிறகு உட்கார்ந்தாள். விரலால் முதுகுத் தையலைத் தடவினாள்.

"இதை யாரு தைச்சது?"

"நான்தான். தொலைஞ்ச புத்தகம்னு நினைச்சேன். எண் போட்டு அலமாரியில வெச்சுட்டேன்."

"படிச்சீங்களா?"

"அப்ப முதல் வரி. இன்னைக்கு பஸ் ஸ்டாப்புல ஐம்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும்."

அவரே தொடர்ந்தார். "அந்த ஆளு மேல ஒரு தப்பும் எனக்குத் தெரியல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பியவளின் கண் தேதித் தாளில் நின்றது. ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது முத்திரை.

"இதென்ன? ஒம்பது பேரா?"

"ஒம்பது தடவை. மருந்துக்கடையில வாசிச்சுக் காட்டறாங்க, அது கணக்குல வராது."

"சிரிச்சாங்களா?"

"ரொம்ப. எதுக்குன்னு எனக்குப் புரியல."

"யாராவது அழுதாங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லி வழக்கமில்லை. "ஒரு அம்மா மூக்கைத் துடைச்சாங்க. சளிக்கு மருந்து வாங்க வந்தவங்களாவும் இருக்கலாம்."

இப்போது அவள் சிரித்தது நிச்சயமாகத் தெரிந்தது. அவர் அந்தத் தைரியத்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மருந்துக்கடைக்காரர் கேட்டாரு, அந்த ஆளு கடைசியில மூடியை விடுவானான்னு."

"எனக்கே தெரியலைங்க. அதான் மூணு பக்கம் அப்படியே நிக்குது."

"ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "மத்தியானம் முழுக்க நீ டைப் அடிச்சா, எப்ப சாப்பிட்ட?"

ஆறு வருடம் தாமதமாக வந்த கேள்வி.

"அடிச்சுக்கிட்டேதான் சாப்பிடுவேன். ரொட்டித் தூள் மெஷினுக்குள்ள விழுந்துதான் அந்த 'ழ' அப்படி எம்பிக்கிச்சு."

கூடத்திலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "நடுவுல ஆள் தேவையில்லையா? நான் வேலையை விட்டுடலாமா?"

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும்.

அவருக்கு இன்னும் ஒரு சிக்கல் தீரவில்லை. "இந்த எண் இதோடது இல்ல. அசல் வந்துடுச்சு. மேலதிகாரிக்கு என்னன்னு எழுதுறது, தெரியல."

"அப்ப இதுக்கு வேற எண் குடுங்க."

"குடுக்கலாம். நன்கொடைன்னு ஏத்திக்கலாம். ஆனா ஆசிரியர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு."

அவள் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திறந்தாள். அட்டைக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில், அவர் பைண்டிங்குக்காக வைத்துத் தைத்த வெற்றுத் தாள் ஒன்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, சூட்கேஸிலிருந்து மாரிக்கால உடுப்பையும் சால்வையையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். மூன்று சேலைகள் மட்டும் சூட்கேஸில் கிடந்தன. அவற்றின்மேல் புத்தகத்தை வைத்து மூடினாள்.

"அக்காவுக்குச் சொல்லிட்டேன், போகாம இருக்க முடியாது. அங்க உக்காந்து அந்த மூணு பக்கத்தையும் யோசிக்கறேன்," என்றாள். "புதன்கிழமை வந்துடுவேன்."

புதன்கிழமை. அவர் அந்தத் தேதியை மனத்துக்குள் இரண்டுதரம் சொல்லிக்கொண்டார்.

டீ போடலாம் என்று அவரே சமையலறைக்குப் போனார். கொதித்ததும் மூடுவதற்கு ஒரு மூடியை எடுத்தார். பன்னிரண்டு. பாத்திரமோ ஒன்பது. சரியான மூடி எங்கே என்று திரும்பியவர் நின்றார். கதவருகில் மனைவியும் மகளும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் கையில் பேனா இருந்தது.

மூடியைக் கையில் பிடித்தபடி, இதை எங்கே வைத்தால் சரி என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டே இருந்தார். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.